பாடசாலை மைதானத்தில் எலிசபெத்தின் முடிசூட்டு ஊர்வலம்

மலையகப் பாடசாலைகளில் இங்கிலாந்தின் டியூடர் அரச வம்சக் கால முடிசூட்டு விழாவை நாடகமாக்க விரும்பும் ஆசிரியர்கள், 1559 ஜனவரி 15இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் முதலாம் எலிசபெத் முடிசூடிய காட்சியைவிட, அதற்கு முதல் நாள் லண்டன் கோபுரத்திலிருந்து நகர வீதிகளினூடாக அவர் வந்த ஊர்வலத்துக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். புதிய அரசியிடம் தான் எதிர்பார்ப்பவற்றை லண்டன் நகரம் வழிநெடுக மேடை கட்டி எடுத்துரைத்த நாள் அது.

காமன் கூத்தைத் திறந்த வெளியில் சூழ்ந்து நின்று பார்த்துப் பழகிய நம் மக்களுக்கு மைதானமே பொருத்தமான களம். பிற்பகலில் மழையோ பனிமூட்டமோ இறங்கிவிடக்கூடும் என்பதால் காலையிலேயே நடத்துங்கள்; உடைகளுக்குக் கடதாசி வேண்டாம், துணியே நல்லது. அரசியின் பல்லக்கை இரண்டு கோவேறு கழுதைகள் சுமந்தன. நீங்கள் அடிப்பாகமில்லாத மூங்கில் சட்டகம் ஒன்றைச் செய்து, சரிகைச் சேலையால் மூடி, முன்னும் பின்னும் மாணவர்கள் பிடித்துவர, அரசியாக நடிப்பவரை அதனுள்ளே நடந்துவரச் செய்யுங்கள்.

முதல் பெரிய மேடைக்குப் பாடசாலைப் படிக்கட்டு போதும். கீழ்ப்படியில் அரசியின் பாட்டன் ஏழாம் ஹென்றியும் பாட்டி யார்க்கின் எலிசபெத்தும், நடுவில் தந்தை எட்டாம் ஹென்றியும் தாய் ஆன் பொலினும், உச்சியில் எலிசபெத்தின் உருவமும் இருக்கட்டும். 1536இல் தலை வெட்டப்பட்ட தாயை நகரம் மகளின் கண்முன் மீண்டும் அரசியாக அமர்த்தியது என்பதை நடிக்கும் பிள்ளைகளுக்கு அவசியம் விளக்குங்கள். நற்பண்புகளைக் காட்டும் மேடைகளைப் பதாகைகளோடு சுருக்கிக்கொள்ளலாம்.

சீப்சைட் வீதி மேடையில் சீரழிந்த நாட்டையும் செழித்த நாட்டையும் குறித்து நின்ற இரு குன்றுகளில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் தெரிய வேண்டும். வறண்ட குன்றுக்குத் தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறுக் குச்சிகளையும், செழித்த குன்றுக்குச் சைப்ரஸ் கிளைகளையும் நடுங்கள். கொழுந்து எடுக்கும் செடிகளில் கைவைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள குகையிலிருந்து முதியவரான காலம் அரிவாளோடு வெளிவந்து, வெண்ணிற ஆடையணிந்த மகளான உண்மையை அழைத்துவருவார். அவள் தரும் ஆங்கில வேதாகமத்தை அரசி முத்தமிட்டு மார்போடு அணைத்துக்கொள்வார். முதியவர் யாரெனக் கேட்டறிந்து, காலமே தம்மை இங்கு கொண்டுவந்ததாக எலிசபெத் சொன்ன வரியை அவசரமின்றிப் பேசவையுங்கள். 1554இல் அதே லண்டன் கோபுரத்தில் கைதியாக இருந்தவர் அவர்.

நகர எல்லையான டெம்பிள் பார் வாயிலில் நின்ற கோக்மகோக், கொரினியஸ் என்னும் பழங்கதைப் பூதங்களுக்கு உயரமான மூங்கில் உருவங்கள் செய்து, அவற்றுக்கிடையே பல்லக்கை வெளியேற்றுங்கள். அதன்பின் உறுதிமொழி, எண்ணெய்ப் பூசுதல், கார்லைல் ஆயர் ஓவன் ஓகில்தோர்ப் முடிசூட்டுதல் ஆகியவற்றை ஒரே சிறு காட்சியில் முடித்துவிடலாம்.