கடலூர் சாலையில் பெரிய ரிசார்ட், பொழுதுபோக்குப் பூங்கா: வண்டிகளையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்துவது எப்படி?

பூங்கா நடத்துபவர்களிடம் பாதுகாப்பு என்றால் ராட்டினம், சறுக்கு, அலைக்குளம் என்றுதான் பேச்சு போகும். அவை ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டர், பெல்ட், காலைச் சோதனை எல்லாம் உண்டு. வாசலுக்கும் பார்க்கிங்கிற்கும் நடுவே காரும், டூரிஸ்ட் பஸ்ஸும், வாடகை ஸ்கூட்டரும், ஈரத்துணிப் பையோடு நடந்து வரும் குடும்பமும் ஒரே தரையில் கலக்கும் இடத்துக்குத்தான் பொறுப்பாளர் இருக்க மாட்டார். அந்த இடத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. புதுச்சேரி–கடலூர் சாலையை வைத்து எழுதியிருக்கிறோம். கணக்குகள் வேறு இடத்துக்கும் பொருந்தும்.

முதலில், உங்கள் இடம் எந்த ஸ்டேஷன்?

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லைகள் புதுச்சேரி போலீசுடையவை. முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, ரெட்டிச்சாவடி ஸ்டேஷன், கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை நேர்கோடாக ஓடவில்லை. பாகூர்ப் பக்கம் வயலுக்கு வயல் மாநிலம் மாறும். பூங்கா ஒரு பக்கமும் அதன் கூடுதல் பார்க்கிங் மறுபக்கமும் அமைந்துவிட வாய்ப்புண்டு. சர்வே எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்க ஸ்டேஷன்களிலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஸ்டேஷன் பெயரையும் நேரடித் தொலைபேசி எண்ணையும் கன்ட்ரோல் அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எல்லையோரத்தில் கைபேசியிலிருந்து 112 அழைத்தால் எந்த டவர் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து அடுத்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் முதல் வாக்கியமே "புதுச்சேரி, கிருமாம்பாக்கம் ஸ்டேஷன் எல்லை" என்பதுபோல இருக்க வேண்டும், பூங்காவின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று புகாரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-இன்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான்.

வாசல் கணக்கு

நெரிசலுக்குப் போலீஸ் குறைவு என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் டிக்கெட் கவுண்டர்தான். விடுமுறை நாள் காலை 10 முதல் 11 மணிக்குள் 300 கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரிலேயே டிக்கெட் கொடுத்து, டிக்கியைத் திறந்து பார்த்து அனுப்ப ஒரு காருக்கு 30 வினாடி பிடித்தால், ஒரு கவுண்டர் மணிக்கு 120 காரைத்தான் விடும். மீதி 180 கார் வெளியே நிற்கும். இடைவெளியோடு ஒரு காருக்கு 6.5 மீட்டர் என்றால் வரிசை 1,170 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேசிய நெடுஞ்சாலையில் வால் நீளும்போது எத்தனை போலீஸ்காரர் வந்தும் பயனில்லை.

தீர்வு எளிது. வண்டிக்கு வாசலில் டிக்கெட் கொடுக்காதீர்கள். நிற்காமல் நேராகப் பார்க்கிங்கிற்குள் போகட்டும். டிக்கெட்டும் பை சோதனையும் நடந்து வரும் வாசலில் நடக்கட்டும். பார்க்கிங் கட்டணம் வாங்கியே தீர வேண்டுமென்றால் வெளியே போகும்போது வாங்கலாம் என்பார்கள். அதுவும் தவறு, மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். நுழைவுச் சீட்டோடு சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. தடுப்புக்கம்பியைச் சாலை விளிம்பிலிருந்து குறைந்தது 75 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். இரண்டு வரிசையாக நின்றால் அங்கேயே 22, 23 கார் அடங்கும்.

அடுத்தது திரும்பும் திசை. பூங்கா கடல் பக்கம், அதாவது சாலைக்குக் கிழக்கே இருந்தால், புதுச்சேரியிலிருந்து வருகிறவர் இடதுபக்கம் சுலபமாக நுழைந்துவிடுவார். மாலையில் திரும்பும்போதுதான் வினை. அவர் வலதுபக்கம் திரும்ப, கடலூர் நோக்கி வேகமாகப் போகும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டும். நெரிசல் நேரத்தில் வலது திருப்பத்தை அடைத்துவிட்டு, எல்லாரையும் இடதுபக்கம் அனுப்பி, அடுத்த திறப்பில் யூ-டர்ன் எடுக்க வையுங்கள். எந்தத் திறப்பு என்பதை டிராஃபிக் போலீசார்தான் முடிவு செய்வார்கள். நெடுஞ்சாலையில் புதிதாக வழி திறப்பதற்கும் நடுத்திட்டை உடைப்பதற்கும் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும்.

பார்க்கிங்கும் உள்சாலையும்

காருக்கு 2.5 க்கு 5 மீட்டர் கட்டம். செங்குத்தாக நிறுத்தினால் நடுவழி 6 மீட்டர். சுற்றுவழி, மரம், நடைபாதை எல்லாம் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 28 சதுர மீட்டர் போகும். ஆக ஒரு ஹெக்டேரில் 350 முதல் 400 கார். இதைவிட அதிகம் அடைப்பதாக யாராவது சொன்னால், ஆம்புலன்ஸ் நுழையும் வழியையும் கட்டமாக வரைந்துவிட்டார் என்று அர்த்தம்.

பஸ் நிறுத்தம் தனியாக இருக்க வேண்டும். 12 மீட்டர் பஸ்ஸுக்குக் குறைந்தது 3.5 க்கு 13 மீட்டர் வையுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும்படி கட்டங்களைச் சாய்த்துப் போடுங்கள். பள்ளிச் சுற்றுலா வரும் இடத்தில் "வரட்டும், வரட்டும்" என்று கிளீனர் தட்டத் தட்டப் பஸ் பின்னால் வருவதைவிட ஆபத்தானது வேறில்லை. மதிய வெயிலில் டிரைவரும் கிளீனரும் பஸ்ஸின் நிழலில், சில சமயம் அடியிலேயே, துண்டு விரித்துப் படுப்பார்கள். வேண்டாம் என்று போர்டு வைத்தால் கேட்க மாட்டார்கள். கூரை, மின்விசிறி, குடிநீர், கழிப்பறையோடு ஓய்விடம் கொடுத்தால் அங்கே போய்விடுவார்கள். இரவு ஓட்ட வேண்டியவர் பகலில் தூங்கி எழவும் அது உதவும்.

உள்ளே 20 கி.மீ. வேகம் போதும். 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர் கவனித்துப் பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் ஆகும். 40 கி.மீ. என்றால் 23 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் இந்தக் கணக்கு. கடற்கரை மணல் படிந்த சிமென்ட் தரையில் இன்னும் நீளும். போர்டு மட்டும் வேகத்தைக் குறைக்காது, வேகத்தடை குறைக்கும். ஆனால் ஒரு சட்டி தார்க்கலவையைக் கொட்டி மேடு போடுவது வேகத்தடை ஆகாது. சாலை அமைப்புக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) சொல்லும் அளவு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைந்த முதுகு. குறுகலான மேட்டில் குழந்தையோடு வரும் ஸ்கூட்டர் தூக்கியெறியப்படும். மேட்டுக்குக் கருப்பு வெள்ளைப் பட்டை அடித்து, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

நடைபாதையைக் கார் வரிசைகளுக்கு நடுவே நீளவாக்கில் 2.5 மீட்டர் அகலத்தில் கொண்டுபோங்கள். நடைபாதை முகப்பில் 1.2 மீட்டர் இடைவெளியில் குட்டைத்தூண் நட்டால் சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது. மார்கழியில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பூங்கா மூடுவதும் அப்போதுதான். பார்க்கிங் விளக்கை 5.30க்கே போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களைக் கோடையிலேயே நிரப்பிவிட வேண்டும்.

பேட்டரி வண்டிகளைப் பற்றி ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)இன்படி, அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும் தனிவகை வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதே வண்டி எதிர்ப்பக்கப் பார்க்கிங்கிலிருந்து ஆளேற்றிச் சாலையைக் கடந்தால் அந்த விலக்கு போய்விடும். பதிவும் இன்சூரன்சும் இல்லாத வண்டியில் பத்துப் பேரை ஏற்றி நெடுஞ்சாலையைக் கடக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

செக்யூரிட்டி எதுவரை போகலாம்

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இன் கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தையே அமர்த்துங்கள். காவலர் உடை போலீஸ் உடைபோல இருந்தால் அதுவே குற்றம். செக்யூரிட்டி நெடுஞ்சாலையில் இறங்கி வண்டியை நிறுத்தக் கூடாது. அதிகாரமும் இல்லை, அடிபட்டால் பொறுப்பும் உங்களுடையது. அவர் எல்லை உங்கள் வேலி. சாலையில் நிற்பது போலீசாரும் ஊர்க்காவல் படையினரும்தான்.

ஜாமீனில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் கண்ணெதிரே நடந்தால் பொதுமக்களில் யாரும் ஆளைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தவரைத் தாமதிக்காமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 40. அடிப்பது, அறையில் பூட்டி மன்னிப்புக் கடிதம் வாங்குவது எல்லாம் உங்கள்மேல் வழக்காகத் திரும்பும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனப் பெயர் கெடும் என்று மறைத்தால் தலைமையில் இருப்பவருக்கே சிறை.

டிசம்பர் 31, காணும் பொங்கல், ஆகஸ்ட் 15 போன்ற நாட்களுக்குப் பந்தோபஸ்து கேட்டு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். அதிகபட்சம் எத்தனை டிக்கெட் விற்பீர்கள், கார், பஸ், டூவீலர் எத்தனை, எத்தனை மணிக்கு மூடுவீர்கள், செக்யூரிட்டி யார் எங்கே நிற்பார், பார்க்கிங் வரைபடம் எல்லாம் அதில் இருக்கட்டும். "போதிய பாதுகாப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு இரண்டு காவலர்தான் வருவார்கள். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் தேர். அன்று அரியாங்குப்பம் வழி நெரியும் என்பதால் சலுகை டிக்கெட் அறிவிக்காதீர்கள்.

குடித்தவர் கையில் சாவி

புதுச்சேரியில் இதைத் தவிர்த்துப் பேச முடியாது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 பாயும். முதல்முறை ₹10,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "தனியார் பார்க்கிங்தானே" என்ற வாதம் இங்கே எடுபடாது, அந்தப் பிரிவில் பொது இடம் என்ற நிபந்தனையே கிடையாது. ஆனால் ஊதச் சொல்லும் அதிகாரம் சீருடையில் உள்ள போலீசுக்கும் போக்குவரத்துத் துறை அதிகாரிக்கும் மட்டுமே. செக்யூரிட்டி சாவியைப் பிடுங்கினால் கைகலப்புதான் மிஞ்சும். ஆக்டிங் டிரைவர் எண்களைப் பாரிலும் பார்க்கிங்கிலும் ஒட்டுங்கள், இரவு முழுக்க வண்டியை விட்டுப்போக இலவசமாக அனுமதியுங்கள். அதையும் மீறிக் கிளம்பினால் வண்டி எண்ணை 112-க்குச் சொல்லுங்கள். மறித்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். பிறகு 108, அதன்பின் 112. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பகுதிகளில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சாலையிலேயே உள்ளன. தலைக்காயத்துக்கு ஜிப்மர் என்றாலும், ஊரைக் கடந்து கோரிமேடு போகும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்புத் தருகிறது. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் 7 நாள் வரை, ₹1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

அடியில் சிக்கியவரை எடுக்க வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால், நான்கு டயர் நின்ற இடத்தையும் சாக்பீஸாலோ செங்கல் துண்டாலோ குறித்துப் படம் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். இரத்தத்தையும் கண்ணாடித் துண்டுகளையும் உடனே கழுவித் தள்ளிவிடுவது வழக்கம். போலீஸ் பார்க்கும்வரை விட்டுவையுங்கள்.

சி.சி.டி.வி. பதிவு ஓரிரு வாரத்தில் தானாக அழிந்து மேலே எழுதப்படும், எனவே அன்றே பிரதி எடுங்கள். எடுக்கும்முன் திரையில் ஓடும் நேரத்தையும் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் பிடியுங்கள், பல டி.வி.ஆர்.களில் (பதிவுப் பெட்டிகளில்) கடிகாரம் சில நிமிடம் தப்பாக ஓடும். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு சாட்சியாக நிற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடான ஹேஷ் மதிப்பும் வேண்டும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஸ்டேஷன் வேண்டாம்" என்று இரு தரப்பும் சொன்னாலும் உங்கள் டைரியில் எழுதி, ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். உள்காயம் மூன்றாம் நாள் தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் கேட்டு அலைபவர் அடிபட்டவர்தான். வாடகை ஸ்கூட்டர் என்றால் நம்பர் பிளேட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: முறையான வாடகை வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.