டி.சி.சி. வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாடல் ரயிலை ஓட்ட இரண்டு முறைகள்: பழைய அனலாக், கட்டளைகளால் ஓட்டும் டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்). அனலாக் முறையில் தண்டவாளத்துக்கு எத்தனை வோல்ட் விடுகிறோமோ அதுதான் எஞ்சினின் வேகம். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதே மின்சாரம்தான் கட்டளையையும் சுமக்கிறது. துடிப்பின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட் என்றால் 1; 100 அல்லது அதற்கு மேல் என்றால் 0. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்பலகை தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும்.

இந்த மொழி என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம்) வகுத்த தரநிலை. அதனால் எந்த நிறுவனத்தின் டிகோடரும் எந்த கமாண்ட் ஸ்டேஷனோடும் (தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் பெட்டி) பேசும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கு இது பொருந்தாது. அது ஸ்டேஷனோடு பேசும் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: லென்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ்நெட்டும் டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் லோக்கோநெட்டும் வேறு வேறு. ஆகவே கன்ட்ரோலரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்டேஷனை முடிவு செய்யுங்கள். மார்க்லினின் மூன்று தண்டவாள எஞ்சின்களில் பல எம்.எஃப்.எக்ஸ். அல்லது மோட்டரோலா என்ற வேறு டிஜிட்டல் மொழிகளை மட்டுமே அறிந்தவை; அதைத் தனியாகச் சரிபாருங்கள்.

அடுத்தது ஆம்பியர். எத்தனை எஞ்சின் வைத்திருக்கிறீர்கள் என்பதை விடுங்கள், ஒரே நேரத்தில் எத்தனை ஓடும் என்று எண்ணுங்கள். எச்.ஓ. (1:87 அளவு) எஞ்சினுக்கு அரை ஆம்பியர் வைத்து, ஒலிக்கும் விளக்கு எரியும் ரயில் பெட்டிகளுக்கும் கொஞ்சம் கூட்டினால், நான்கு ரயிலுக்கு 3 ஆம்பியர் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 8 ஆம்பியர் வாங்குவது தவறு. ஷார்ட் ஆகும்போது அத்தனையும் ஒரு சக்கரத்தின் வழியே பாய்ந்து பிளாஸ்டிக்கை உருக்கும். பெரிய அமைப்பென்றால் பகுதி பிரித்து, பகுதிக்கொரு பூஸ்டர் (கூடுதல் மின்சாரம் தரும் பெட்டி) வையுங்கள்.

பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. கம்பியை முதன்மை இணைப்பாக ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்திலாவது தண்டவாளத்துக்குக் கிளைக்கம்பி கொடுங்கள். பிறகு நாணயச் சோதனை: தொலைவில் உள்ள ஓர் இடத்தில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி ஒரு நாணயத்தை வையுங்கள். ஸ்டேஷன் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் கம்பி மெல்லியது அல்லது இணைப்பு பலவீனம்; அந்தத் தடை, மின்னோட்டத்தை அணையும் வரம்பைத் தொடவிடாமல் தடுக்கிறது. சூடாவது தண்டவாளம்தான்.

டிகோடருக்கான சாக்கெட் எஞ்சினில் இருந்தால் (எச்.ஓ.வில் 8 பின் அல்லது பிளக்ஸ் 22, சிறியவற்றில் 6 பின் அல்லது நெக்ஸ்ட் 18) செருகினால் முடிந்தது. இல்லையென்றால் சால்டரிங்: சிவப்பு வலது தண்டவாளம், கருப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். அதற்கு முன் மல்டிமீட்டரில் மோட்டார் முனைகள் இரண்டும் சேஸிஸிலிருந்து (எஞ்சினின் உலோக அடிச்சட்டம்) பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் டிகோடர் கருகிவிடும். பழைய எஞ்சினை 12 வோல்ட்டில் வைத்து, சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி ஆம்பியரை அளந்துகொள்ளுங்கள். டிகோடர் அதைத் தாங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை முதலில் புரோகிராமிங் டிராக்கில்தான் (டிகோடரின் அமைப்புகளை எழுதவும் படிக்கவும் உள்ள தனித் தண்டவாளத் துண்டு) வைக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் குறைவு என்பதால், தப்பு இருந்தாலும் டிகோடர் பிழைக்கும். புது டிகோடரின் முகவரி 3. மாற்றாவிட்டால் எல்லா எஞ்சினும் ஒன்றாக ஓடும். முகவரியை எழுதும் இடம் சி.வி., அதாவது டிகோடரில் எண்ணிட்ட அமைப்பு: 127-க்குள் என்றால் சி.வி. 1, நான்கு இலக்க எண் என்றால் சி.வி. 17, 18, கூடவே சி.வி. 29-இல் 32-ஐக் கூட்டுவது (வழக்கமான 6 இப்போது 38).

"படிக்க முடியவில்லை" என்று ஸ்டேஷன் சொன்னால் உடனே டிகோடரைச் சந்தேகிக்காதீர்கள். சாதாரணமாக டிகோடர் பதில் சொல்வது மோட்டாருக்கு 6 மில்லிசெகண்ட் மின்சாரம் விட்டு உண்டாக்கும் 60 மில்லிஆம்பியர் துடிப்பாகத்தான். சக்கரம் அழுக்காக இருந்தாலோ, மோட்டார் கம்பி விட்டுப்போயிருந்தாலோ பதில் வராது. சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். குழம்பிப்போனால், பல டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும்.

முகவரி 0-இல் டிகோடர் இல்லாத எஞ்சினை ஓட்டும் வசதி சில ஸ்டேஷன்களில் உண்டு. தவிர்த்துவிடுங்கள்: நின்றிருக்கும்போதும் மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும், கோர்லெஸ் மோட்டார் (சுழலும் சுருளில் இரும்பு மையம் இல்லாதது) என்றால் எரிந்தே போகும்.