குழந்தைக்காக முயலும்போது டாக்டரிடம் எப்போது போவது? கணக்கு தப்பும் இடங்கள்

கல்யாணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்து நான்காம் மாதமே கருத்தரிப்பு மையத்தில் டோக்கன் வாங்குகிறவர்கள் உண்டு. "எங்க சித்திக்கு எட்டு வருஷம் கழிச்சுத்தானே பிறந்தது" என்று 37 வயதிலும் பொறுத்திருப்பவர்களும் உண்டு.

மருத்துவம் வைத்திருக்கும் கணக்கு எளிது. மனைவிக்கு 35 வயது ஆகவில்லை என்றால், கருத்தடை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது சேர்ந்திருந்து 12 மாதம். 35 ஆகிவிட்டால் 6 மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருப்பே வேண்டாம், முயலத் தொடங்கும்போதே போய்ப் பார்த்துவிடலாம்.

12 மாதம் என்பது சும்மா சொன்ன எண் அல்ல. ஒரு குறையும் இல்லாத இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒரு பங்கு அளவுதான். ஓராண்டு முடியும்போது நூற்றுக்கு 80 முதல் 85 தம்பதிகளுக்குக் கரு தங்கிவிடும். மீதிப் பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில் தங்கும். அதனால் மூன்று மாதம் தவறியதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. 35க்குப் பிறகு கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைவதால், அங்கே ஆறு மாதம் என்பதே பெரிய அவகாசம்.

இந்தக் கணக்கு பலருக்குத் தெரியும். தவறு நடப்பது அதை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்.

கல்யாணத் தேதியிலிருந்து எண்ணுவது

கணவர் துபாயிலோ சவூதியிலோ வேலையில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வந்த லீவு 30 நாள், அடுத்த ஆண்டு வந்தது 45 நாள். ஊர்க்கணக்கில் இரண்டு வருடம். உண்மையில் அவர்கள் முயன்றது இரண்டு அல்லது மூன்று மாதவிலக்குச் சுற்றுகள்தான். இந்தப் பெண்ணுக்குக் குறை இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

அதற்காக, சேர்ந்திருந்த மாதங்கள் பன்னிரண்டு ஆகட்டும் என்று காத்திருந்தால் பத்து வருடம் ஓடிவிடும். இப்படிப்பட்ட தம்பதிகள் லீவுக்கு முன்பே தயாராக வேண்டும். மனைவிக்கான இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அவர் விமானம் ஏறுவதற்குள் முடிந்திருக்கட்டும். அவருடைய விந்துப் பரிசோதனையை வேலை பார்க்கும் ஊரிலேயே செய்யலாம், இல்லாவிட்டால் வந்த முதல் வாரத்தில். லீவின் கடைசி வாரத்தில் டாக்டரைப் பார்க்க வருவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்போது டெஸ்ட் எழுதத்தான் நேரம் இருக்கும். தேவைப்பட்டால் திரும்பிப் போகும் முன் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைக்கும் வசதியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம்.

தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது

"குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பது நம் வீடுகளில் பழக்கம். டாக்டர் கேட்பது வேறு. இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தைய நாள் லேசாகக் கறை பட்டது கணக்கில் சேராது.

28 நாள் சுற்று உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவரும். இவருக்கு அது 14ஆம் நாள் வாக்கில். நான்காம் நாள் தலைக்குக் குளித்து, அதை ஒன்று என்று வைத்து பதினான்கு எண்ணினால், வந்து நிற்பது உண்மையில் 17ஆம் நாள். வெளிவந்த முட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். அவர்கள் சேரும் நாளில் முட்டை இல்லை. அந்த ஒரு நாளை மட்டுமே நம்பி இப்படி ஒரு வருடம் ஓட்டினால், முயன்றதாகவே கணக்கு வராது.

விந்தணு கர்ப்பப்பைக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் பலன் தரும் நாட்கள். 28 நாள் சுற்றில் ஒன்பதாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். "சேர்த்து வைத்தால் வீரியம் கூடும்" என்று பத்து நாள் தள்ளி இருப்பது பலன் தராது. எண்ணிக்கை சற்று கூடினாலும் அணுக்களின் ஓட்டம் குறையும்.

35 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை வருவது 21ஆம் நாள் அளவில். இங்கே இன்னொரு பிழை நடக்கிறது. முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் டெஸ்டை எல்லோருக்கும் "21ஆம் நாள் டெஸ்ட்" என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். அது 28 நாள் சுற்றுக்காரர்களுக்கான நாள். 35 நாள் சுற்றுக்கு 28ஆம் நாள் எடுக்க வேண்டும், அதாவது மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு. தப்பான நாளில் எடுத்து அளவு குறைவாக வந்தால், "முட்டை வரவில்லை" என்று மாத்திரை தொடங்கிவிடும்.

கடையில் கிடைக்கும் முட்டை நாள் பார்க்கும் ஸ்ட்ரிப், சுற்று ஒழுங்காக உள்ளவர்களுக்கு உதவும். பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு அந்த ஸ்ட்ரிப் தேடும் ஹார்மோன் எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதால் பொய்க் கோடு காட்டும்.

காத்திருக்கக் கூடாதவர்களும் காத்திருப்பது

மாதவிலக்கு 21 நாளுக்குள் வந்தாலோ, 35 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலோ, மாதக் கணக்கில் வராமலே இருந்தாலோ 12 மாதக் கணக்கு பொருந்தாது. முட்டையே ஒழுங்காக வராதபோது எதற்கு ஒரு வருடம்?

மாதவிலக்கின்போது வேலைக்குப் போக முடியாத அளவு வலி, உறவின்போது உள்ளே ஆழத்தில் வலி, இவை இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கலாம். "வயித்து வலி எல்லாருக்கும் வர்றதுதான், ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்" என்ற ஆறுதலில் பலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன. பெரிய அளவில் நடந்த வயிற்று அறுவை, சினைப்பைக் கட்டி அகற்றியது, முன்பு கருக்குழாயில் கரு தங்கியது, புற்றுநோய் சிகிச்சை, எல்லாமே உடனே போவதற்கான காரணங்கள். நம் நாட்டில் காசநோயை மறக்கக் கூடாது. சின்ன வயதில் நுரையீரலிலோ கழுத்து நெறியிலோ வந்து மருந்து சாப்பிட்டு முடித்ததாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். காசநோய்க் கிருமி கருக்குழாயையும் கர்ப்பப்பையின் உள்சவ்வையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

ஆண்களில், சிறு வயதில் விரை இறங்காமல் இருந்து அறுவை செய்தவர்கள், பருவ வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியவர்கள், விரைப்பையில் நரம்பு புடைத்திருப்பவர்கள், விறைப்பிலோ விந்து வெளியேறுவதிலோ சிரமம் உள்ளவர்கள், இவர்களும் நாள் பார்க்க வேண்டியதில்லை.

கணவரின் டெஸ்டைக் கடைசிக்குத் தள்ளுவது

பட்டியலில் மிக அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. ஆனாலும் மனைவிக்கு நான்கு ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, ஆறு மாத மாத்திரை எல்லாம் முடிந்த பிறகுதான் "அவருக்கும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்ற பேச்சே வருகிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, மற்ற டெஸ்டுகளை விட மலிவானது. முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம்.

அதைச் சரியாகக் கொடுப்பதற்கும் முறை உண்டு. அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேப் தரும் டப்பாவில் நேரடியாகச் சேகரிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டு வரக் கூடாது, அதில் உள்ள பொருட்கள் அணுக்களைக் கொன்றுவிடும். சோப்பு, எச்சில், எண்ணெய் எதுவும் படக் கூடாது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். டூவீலர் டிக்கியின் வெயிலும் ஃபிரிட்ஜின் குளிரும் இரண்டுமே கெடுக்கும். முதலில் வரும் பகுதி சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அணுக்கள் அதிகம் இருப்பது அதில்தான்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுவது அடுத்தது. உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், வடிவம் சரியாக உள்ளவை 4 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து "96 சதவீதம் கெட்டுப் போச்சு" என்று தூக்கம் தொலைப்பவர்கள் நிறைய. 4 சதவீதம் என்பது தேறிய மதிப்பெண். ஒரே டெஸ்டை வைத்துத் தீர்ப்பும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், ஆகவே இரண்டு மாதம் முன்பு வந்த டெங்குக் காய்ச்சல் கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். அணுவே இல்லை என்று வந்தால் மட்டும் அவ்வளவு காத்திருக்காமல் சீக்கிரமே திரும்ப எடுக்க வேண்டும்.

ஜிம் ஊசி போடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாத செய்தி: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். ஆள் பார்க்க முறுக்காக இருப்பார், ரிப்போர்ட்டில் அணு இருக்காது. நிறுத்திய பிறகு திரும்ப வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். "ஆண்மைக் குறைவு" என்று சொல்லி அதே டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுவிடும் இடங்களும் உண்டு. குழந்தைக்கு முயல்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

டெஸ்டுகளும் மாத்திரைகளும்

ஏஎம்எச் என்ற ஹார்மோன் இரத்தத்தில் குறைவு என்றதும் கையோடு ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) பேச்சு எழும். சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கைக்கு அது ஒரு மதிப்பீடு. முட்டை வளர்க்கும் ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்று சொல்ல உதவும். சுற்று ஒழுங்காக உள்ள பெண்ணுக்கு இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது.

கருக்குழாய் எக்ஸ்ரேயை இரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வருவதற்குள், ஆறு முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் எடுக்க வேண்டும். அதுவரை அந்தச் சுற்றில் உறவைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பப்பையை ஒட்டிய முனையில் அடைப்பு என்று வந்தால், அது வலியில் தசை இறுகியதாகவும் இருக்கலாம். உறுதி செய்யாமல் அறுவைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பலித்தது என்று மெடிக்கலில் லெட்ரோசோல், குளோமிஃபீன் போன்ற முட்டை வளர்க்கும் மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுவது இன்னொன்று. ஸ்கேன் இல்லாமல் சாப்பிட்டால் முட்டை வளர்ந்ததா, ஒன்றா மூன்றா என்று தெரியாது. மறுபுறம், டாக்டர் எழுதிய லெட்ரோசோல் அட்டையில் இருக்கும் தாளில் "மார்பகப் புற்றுநோய்" என்று படித்துவிட்டு, பயந்து நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அந்த மருந்து முதலில் வந்தது அதற்காக. முட்டை வளர்ச்சிக்கும் இப்போது அதுவே முதல் தேர்வாகத் தரப்படுகிறது.

சொல்லாமல் விடுவது

கல்யாணமாகி மூன்று வருடம், உறவே முழுமையாக நடக்கவில்லை. வலியால் மனைவியின் தசை இறுகிக்கொள்கிறது, அல்லது கணவருக்குப் பதற்றம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் கேட்டால் "எல்லாம் நார்மல்" என்றுதான் பதில் வரும். பல டெஸ்ட் எடுத்தும் காரணம் தெரியாமல் போகும், ஏனென்றால் காரணம் டெஸ்டில் இல்லை. இதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இருவரும் மட்டும் உள்ளே போங்கள். முன்பு கருக்கலைப்பு நடந்திருந்தால், அதைக் கணவர் முன்பு சொல்ல முடியாது என்றால், தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

டாக்டரை மாற்றினால் பழைய ஃபைலையும் எடுத்துப் போக வேண்டும். கடைசி ஆறு மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதி அதன் மேல் வைத்திருந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். ஐவிஎஃப் வரை போனால், 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. அந்தச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் வைத்திருக்கிறது.

முயலத் தொடங்கும் முன்பே போக வேண்டியவர்கள்

சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெண்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் முயலவே வேண்டும். வலிப்புக்கான வால்ப்ரோயேட், பருவுக்கான ஐசோட்ரெடினோயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் ஆகியவை கருவைப் பாதிக்கும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும். ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம், முயலுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. சர்க்கரையோ வலிப்போ உள்ளவர்களுக்கு அளவு கூடும். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் தள்ளி முயல வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள், குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயோ பிறவிக் குறைபாடோ இருந்தால், கரு தங்கும் முன்பே மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

தங்கிவிட்டதே, இனி என்ன?

இரண்டு முறை கரு கலைந்திருந்தால் மூன்றாவது வரை காத்திருக்காமல் காரணம் தேட வேண்டும். முதல் குழந்தை சுலபமாகப் பிறந்தவர்களுக்கும் இரண்டாவதுக்கு அதே 12 மாதம், 6 மாதக் கணக்குத்தான்.

டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு வந்தால் கரு இருக்கிறது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதை ஆறு, ஏழு வாரத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் காட்டும். நாள் தள்ளிய பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, கறுத்த இரத்தக் கசிவு, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, எழுந்தால் மயக்கம், இவற்றில் எது வந்தாலும் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். "லேட்டா வந்த பீரியட்ஸ்" என்று வெந்நீர்ப் பை வைத்துப் படுத்திருக்கக் கூடாது. விடியட்டும் என்றும் பார்க்கக் கூடாது. அந்த நேரமே 108க்குப் போன் செய்து, அறுவை வசதியும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதி எழுதிய அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.