குளோசெட் அடியில் கசிகிறதா? சரியான ரிங் வாங்கி நீங்களே மாட்டலாம்

பிளஷ் பண்ணியதும் குளோசெட் அடியில் ஈரம் கட்டினால், பல வீடுகளில் செய்வது ஒன்றுதான்: சுற்றிலும் இன்னொரு பூச்சு ஒயிட் சிமெண்ட். அது கசிவை நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் குமரி மாவட்டத்தில் இதை அப்படியே விடவே கூடாது.

குளோசெட்டில் இரண்டு அடைப்பு உண்டு. வளைவுக்குள் எப்போதும் நிற்கும் தண்ணீர் ஒன்று. அது 50 மில்லிமீட்டர் ஆழமாவது நின்றால்தான் செப்டிக் டேங்க் வாயு மேலே வராது. குளோசெட்டின் வாயும் குழாயும் சேரும் இடத்தில் இருக்கும் ரிங் இன்னொன்று. வளைகுடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டைத் திறந்ததும் வாடை அடித்தால், முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே நின்ற தண்ணீர் வற்றியிருக்கும். தண்ணீர் சரியாக நின்றும் வாடை வந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

முதலில் எங்கே கசிகிறது?

குளோசெட் அடியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். பிளஷ் டேங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, கால் மணி நேரம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். குளோசெட் குழிக்குள் நீலம் இறங்கியிருந்தால் கோளாறு டேங்கின் உள் வாஷரில். டேங்க் அடியில் நீலம் சொட்டினால் டேங்க் போல்ட் வாஷரில். தாளில் நிறமில்லாத தண்ணீர் நனைந்தால் டேங்குக்குத் தண்ணீர் திறக்கும் ஆங்கிள் காக்கோ, அதிலிருந்து வரும் கனெக்ஷன் டியூபோ ஒழுகுகிறது. இனி பிளஷ் பண்ணுங்கள். அப்போது மட்டும் அடியிலிருந்து நீலம் வந்தால், மாற்ற வேண்டியது ரிங்தான்.

எந்த ரிங்?

கழிவு நேரே தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப். பின்னால் சுவர்ப் பக்கம் போனால் பி டிராப். கடையில் "அண்ணாச்சி, ஒரு டாய்லெட் ரிங் குடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பதைத் தருவார்கள். எந்த டிராப், குழாயின் வெளி அளவு என்ன (பெரும்பாலும் 110 மில்லிமீட்டர்), குழாய் வாய் டைல்ஸ் மட்டத்தில் இருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று சொல்லிக் கேளுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பி டிராப்புக்கு ரப்பர் உதடு வைத்த பேன் கனெக்டர். குளோசெட் வாயும் குழாயும் நேராக இருந்தால் நேர் கனெக்டர், கொஞ்சம் விலகியிருந்தால் ஆஃப்செட் கனெக்டர்.

எஸ் டிராப்புக்கு மெழுகு ரிங்கும் உண்டு, ரப்பர் ரிங்கும் உண்டு. மெழுகு, குளோசெட்டின் எடையில் நசுங்கி எல்லா இடுக்கிலும் போய் அடைக்கும். ஆனால் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, குளோசெட்டை மறுபடி தூக்கினால் புது ரிங்தான். முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது ரப்பர். சரியாக உட்காராவிட்டால் தூக்கி மறுபடி வைக்கலாம். பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டிய வீட்டில் குழாய் தாழ்ந்து கிடக்கும். அங்கே இரண்டு ரிங்கை அடுக்காதீர்கள், நழுவிவிடும். குழாய்க்கு ஒரு துண்டு சேர்த்து உயர்த்துவதே சரி.

போல்ட் எஸ்எஸ்-இல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று சாதா இரும்பை வேகமாகத் தின்றுவிடும்.

கழற்றுவது

ஆங்கிள் காக்கை அடைத்து, பிளஷ் பண்ணி, மிச்சத் தண்ணீரைக் கப்பாலும் ஸ்பாஞ்சாலும் எடுங்கள். கையுறை கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும். வருவது எரியும் வாயு என்பதால் பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடாது. டேங்க் தனியாக இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

ஒயிட் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால் சுத்தியல் எடுக்கவே வேண்டாம். ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் இடையிலுள்ள கோட்டில் மெதுவாக அறுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். குளோசெட் லேசாக அசையத் தொடங்கியதும் இரண்டு பேராகப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். சில மாடல்கள் 40 கிலோ வரை கனக்கும்.

குழாய் வாயில் உடனே ஒரு துணிப்பந்தைத் திணியுங்கள். உள்ளே போய்விடாதபடி அதில் கயிறு கட்டி வெளியே விட்டுவையுங்கள். பழைய மெழுகு, சிமெண்ட் எல்லாவற்றையும் பட்டி பிளேடால் சுரண்டுங்கள். இரண்டு பரப்பும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். குழாயைச் சுற்றித் தரையில் இடைவெளி தெரிந்தால் சிமெண்டால் அடைத்து இறுகவிடுங்கள்.

மாட்டுவது

ரிங் இல்லாமல் ஒருமுறை குளோசெட்டை வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? ஆடும் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பு வைத்து நிறுத்துங்கள். ஆடும் குளோசெட்டில் எந்த ரிங்கும் நிலைக்காது. சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, போல்ட் துளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டில் மட்டும் நின்ற பழைய குளோசெட்டுக்குப் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கும். தரைக்குள் தண்ணீர்க் குழாய் போகும் இடத்தைத் தவிர்த்து, டைல்ஸ் தாண்டும்வரை ஹாமர் மோடு போடாமல் டிரில் பண்ணுங்கள்.

இப்போது துணிப்பந்தை எடுங்கள். மறந்துவிட வேண்டாம். ரிங்கைக் குளோசெட்டின் வாயில் நடுவாகப் பொருத்தி, பென்சில் கோட்டைப் பார்த்து நேர் கீழே இறக்குங்கள். மேலே உட்கார்ந்து எடை கொடுத்து அழுத்துங்கள். திருகவோ ஆட்டவோ கூடாது. பேன் கனெக்டர் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளுங்கள். நம் வீட்டில் கைக்கு முதலில் வருவது தேங்காய் எண்ணெய்தான். ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

போல்ட்டை இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிளாஸ்டிக் வாஷர் இல்லாமல் முறுக்கக் கூடாது. பிடித்துவிட்டது என்று கை உணர்ந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று என்று போனால் பீங்கான் விரியும்.

தண்ணீரைத் திறந்து, மறுபடி செய்தித்தாள் விரித்து, ஐந்தாறு முறை பிளஷ் பண்ணிப் பாருங்கள். தாள் காய்ந்தே இருந்தால் சுற்றிலும் சிலிக்கான் போடலாம். பின்பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். பிற்பாடு கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். சிலிக்கான் இறுக 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்து ஒருமுறை பாருங்கள்.

ரிங் மாற்றியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாடையோ, தண்ணீர் மெதுவாக இறங்குவதோ இருந்தால் குளோசெட்டை மறுபடி கழற்றாதீர்கள். நிலத்தடி நீர் ஏறி, செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் உறைகிணறு நிரம்பியிருக்கும். பார்க்க வேண்டிய இடம் அதுதான்.