ஒரே மணி, வேறு வேறு துணி: பிளவுஸில் கை வைப்பதற்கு முன்

மணி வேலை புதிதாகப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பில் பட்டுத் துணியில் ஊசி இறக்க வேண்டாம். தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துண்டுகள் சும்மாவே கிடைக்கும். காட்டன், ரா சில்க், ஜார்ஜெட், நெட், வெல்வெட் என்று கிடைத்ததை எல்லாம் வாங்கி வாருங்கள், எம்பிராய்டரி வளையத்தில் (துணியை விறைப்பாகப் பிடிக்கும் வட்டச் சட்டம்) மாட்டுகிற அளவு இருந்தால் போதும்.

ஊசி 10ஆம் நம்பர் மணி ஊசி (நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்), மணி 2 மி.மீ. சுகர் பீட்ஸ் (பொடிக் கண்ணாடி மணி), கூடவே நல்ல பாலியஸ்டர் நூல். ஆரி ஊசி (நுனியில் கொக்கி உள்ள ஊசி) இப்போதைக்கு வேண்டாம். வேகமாகப் போடலாம்தான், ஆனால் அது சங்கிலித் தையல், முடிச்சு சரியில்லை என்றால் வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாத் துணியிலும் ஒரே கோட்டைப் போடுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஊசியை மேலே எடுத்து 4 மணி கோத்து, கோட்டின் மேல் படுக்க வைத்து, கடைசி மணி முடிகிற இடத்தில் கீழே இறக்குங்கள். அப்புறம் 2ஆவது மணிக்கும் 3ஆவது மணிக்கும் நடுவே மேலே வந்து, கடைசி இரண்டு மணிக்குள் மறுபடி நுழைத்து, அடுத்த 4 மணி. நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும், தளர விட்டால் மணி ஆடும்.

காட்டனில் ஆரம்பியுங்கள், ஆனால் நனைத்து இஸ்திரி போட்ட பிறகு. இல்லாவிட்டால் முதல் சலவையில் துணி சுருங்கி மணி வரிசை புடைத்துக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் அடுத்தது ரா சில்க். விறைப்பாக நிற்கும், கனம் தாங்கும். ஒரே தொல்லை, பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே தெரியும், அதனால் கோட்டைச் சரியாக வரைந்துகொண்டு இறங்குங்கள். ஜார்ஜெட் வழுக்கிக்கொண்டே இருக்கும், அடியில் மெல்லிய லைனிங் காட்டனைச் சேர்த்து மாட்டிவிட்டால் அடங்கிவிடும். நெட்டில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலைத் தாண்டவிட்டால் பின்னால் ஓடுகிற நூல் முன்னால் பல்லிளிக்கும், பூவுக்குப் பூ முடிச்சுப் போட்டு வெட்டுங்கள். வெல்வெட்டில் சுகர் பீட்ஸ் ரோமத்துக்குள் புதைந்து காணாமல் போகும், 3 மி.மீ. மணிக்கு மாறுங்கள். வளையத்தின் தடமும் அதில் லேசில் போகாது, வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் துண்டுகளைக் கிளிப்பில் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் எது தொய்ந்திருக்கிறதோ, அதில் கனமான கழுத்து டிசைன் போடக் கூடாது.

சரி, துணி முடிவாகிவிட்டது. பிளவுஸ் அளவை முழுத் துணியில் வரைந்து, மணி வைத்து முடித்த பிறகே வெட்டுங்கள். தையல் கோட்டுக்கு அரை அங்குலம் முன்னாலேயே மணியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி மணியில் பட்டு மெஷின் ஊசி படக்கென்று ஒடியும், தையல்காரர் அடுத்த முறை துணியை வாங்கவே யோசிப்பார்.