புதுக் கேமரா, ஒரு ஜன்னல், ஒரு வெள்ளைக் கோப்பை

புதுக் கேமரா வந்ததும் டயலை ‘ஆட்டோ’வில் வைத்துப் பல மாதம் படம் எடுத்தேன். ஒரு படம் ஏன் பளிச்சென்று வந்தது, அடுத்தது ஏன் மங்கிப்போனது என்று பிடிபடவே இல்லை. ஒருநாள் காலை ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்து ஒரு மணி நேரம் செலவழித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பயிற்சியை அப்படியே தருகிறேன். மாற்று லென்ஸ், ஃபிளாஷ் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். கேமராவோடு வந்த லென்ஸ் போதும்.

படி 1: தயாராவது

பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். மெமரி கார்டில் பழைய படங்கள் இருந்தால் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

படி 2: வெளிச்சம்

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டுக் கோப்பையை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கொளியும் கலந்தால் நிறம் குழம்பும். கோப்பையின் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மெல்ல நிழலாகவும் இறங்குவதைக் கொஞ்ச நேரம் வெறும் கண்ணால் பாருங்கள். கோப்பையின் வளைவைப் படத்தில் காட்டப்போவது அந்த நிழல்தான்.

படி 3: அப்பர்ச்சர்

டயலை ‘ஏ’வுக்குத் திருப்புங்கள். சில கேமராக்களில் ‘ஏவி’ என்றிருக்கும். இதில் லென்ஸின் துளை அளவை நீங்கள் முடிவு செய்வீர்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும் எண்ணான ஐ.எஸ்.ஓ.வை 400-இல் நிறுத்துங்கள்.

துளை அளவைக் குறிக்கும் ‘எஃப்’ எண் பெரிதானால் துளை சிறிதாகும். தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரம் 50 மி.மீ. உள்ள லென்ஸில் எஃப் 2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து, துளையின் விட்டம் 25 மி.மீ.; எஃப் 10 என்றால் வெறும் 5 மி.மீ.

லென்ஸை முழுக்க ஜூம் செய்து, கோப்பையின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, எஃப் 5.6-இல் ஒரு படம் எடுங்கள். பிறகு எஃப் 16-இல் இன்னொன்று. முதல் படத்தில் கரைந்துபோன பின்னணி இரண்டாவதில் தெளிந்து நிற்கும்.

ஆனால் இரண்டாவது படம் கலங்கியிருக்கலாம். 5.6, 8, 11, 16 என்று மூன்று படி இறங்கினோம். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியானது. முதல் படத்துக்கு ஷட்டர் 1/125 நொடி திறந்தது என்றால், இதற்கு 1/15 நொடி. அவ்வளவு நேரத்தில் கை அசைந்துவிடும். இப்போது ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்குங்கள். 400, 800, 1600, 3200 என்று மூன்று படி ஏறியதால் ஷட்டர் மறுபடி 1/125-க்கு வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிழல் பகுதியில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். வேகத்துக்குக் கொடுத்த விலை அது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இந்தக் கணக்கைக் கைப்பழக்கமாக்க, பத்து முறையாவது மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள்.

படி 4: வெள்ளையை வெள்ளையாக்குவது

கோப்பைக்கு அடியிலும் பின்னாலும் வெள்ளைத் துணியை விரித்து, சட்டகம் முழுக்க வெள்ளையாகும்படி எடுங்கள். துணி அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்திருக்கும். கேமராவில் கோளாறு இல்லை. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே மீட்டர் வெளிச்சத்தை அளக்கிறது.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் +/− பொத்தானை அழுத்தி +1 வைத்து மறுபடி எடுங்கள். கோப்பை வெளுத்து எழும். கறுப்புத் துணியானால் −1. புதிதாகப் பழகுபவர் ஒரே ஒரு பொத்தானை மட்டும் கற்றுக்கொள்வதென்றால், இதைத்தான் கைகாட்டுவேன்.

படி 5: சேமிப்பது

‘ரா’ (சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு), ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கும்படி அமையுங்கள். உடனே பகிர ஜேபெக் போதும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகள். 14 பிட் ‘ரா’வில் 16,384. பின்னாளில் எடிட்டிங் பழகும்போது நிழலுக்குள் மறைந்ததை மீட்க அது உதவும்.

படி 6: கோப்பை இருந்த இடத்தில் ஒரு முகம்

துணியை எடுத்துவிட்டு, அதே ஜன்னலோரம் வீட்டில் யாரையாவது உட்காரச் சொல்லுங்கள். எஃப் 5.6, ஃபோகஸ் புள்ளி கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணில். முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, அந்தக் கண்ணுக்குள் ஜன்னல் சின்னதாய் மின்னும் நொடியில் அழுத்துங்கள்.