பழைய டிராயிங்கைத் திரும்ப வாங்குங்கள்

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கத்து மெஷின் ஷாப்களில் டிராயிங் இல்லாமல் வேலை நிற்பது அபூர்வம். ஒரே பார்ட்டுக்கு நாலு டிராயிங் இருந்து வேலை கெடுவதுதான் வழக்கம். டிராயிங்கைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ரிவிஷன் எழுத்து ஏ, பி, சி என்று ஏறும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரிவிஷன் டி இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் சி இருக்கும், மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரின் வாட்ஸ்அப்பில் பி இருக்கும். நான் கோவையில், மற்ற கம்பெனிகளுக்குப் பார்ட் செய்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு எது போதும் என்பதை மட்டும் சொல்கிறேன். புது டிராயிங்கை எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறோம். பழையதைத் திரும்ப வாங்கத்தான் ஆளில்லை.

உடனே சாஃப்ட்வேர் வாங்க ஓடாதீர்கள். ஒரு எக்செல் ஷீட் போதும். பார்ட் நம்பர், கஸ்டமர், இப்போதைய ரிவிஷன், வந்த தேதி, காப்பி யார் யாரிடம், பழையது திரும்பி வந்த தேதி. இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்வரை ரிவிஷன் மாற்றம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு, அவர் லீவு போட்டால் இன்னொருவருக்கு. முதலாளி உட்பட மற்ற எல்லோரும் பார்க்க மட்டும்.

ஃபோல்டரைப் பார்ட் நம்பர்படி வையுங்கள், ஆள் பெயரில் வைக்காதீர்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் ஃபோல்டரும் அனாதை. ஃபைல் பெயரில் பார்ட் நம்பர், ரிவிஷன், தேதி. தேதியில் வருஷம் முதலில், பிறகு மாதம், நாள்; அப்போது தானாக வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்ற பெயர்களை இன்றே ஒழித்துவிடுங்கள். அப்புறம் ஒன்று: ஐ, ஓ எழுத்துகள் ஒன்று, பூஜ்யம் மாதிரி தெரியும் என்பதால் அமெரிக்க டிராயிங் முறையில் அவற்றை ரிவிஷனுக்கு வைப்பதில்லை. எச்சுக்கு அடுத்து ஜே வந்தால் நடுவில் ஒன்று காணோம் என்று தேட வேண்டாம்.

ஷாப் ஃப்ளோருக்குப் போகும் ஒவ்வொரு காகிதத்திலும் சிவப்பு மையில் 'கன்ட்ரோல்டு காப்பி' சீல் குத்துங்கள். யாராவது சாதாரண கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்தால் சீல் கறுப்பாக விழும். கறுப்புச் சீல் கண்ணில் பட்டால் கிழித்துவிடலாம், விசாரணையே தேவையில்லை. புதுசு கொடுக்கும்போது பழசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு மாஸ்டரைக் 'காலாவதி' என்று குறித்து ஆபீஸில் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடுங்கள்.

புது ரிவிஷன் வந்தால் செய்ய வேண்டியதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் போர் (துளை), முன்பு எச்8, இப்போது எச்7 என்று மாற்றியிருக்கிறார்கள். துளை எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சொல்லும் குறியீடு இது. எச்8 என்றால் 25.033 வரை போகலாம், எச்7 என்றால் 25.021தான். டிராயிங் மாறி, துளையைச் சோதிக்கும் பழைய பிளக் கேஜே டேபிளில் கிடந்தால் என்ன ஆகும்? அதன் நோ-கோ முனை துளைக்குள் நுழைந்தால் பீஸ் ரிஜெக்ட். 25.030 வந்த பீஸிலும் பழைய நோ-கோ நுழையாது. ஆபரேட்டர் ஓகே சொல்லிப் பெட்டியில் போடுவார். அவர் மேல் குற்றமே இல்லை. அதனால் ரிவிஷன் மாறினால் கேஜ், புரோகிராம், செட்டப் ஷீட், இன்ஸ்பெக்‌ஷன் ஃபார்மட் நாலையும் எடுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பீஸ், ஸ்டோரில் இருக்கும் பீஸ், பிளேட்டிங்குக்கு (உலோகப் பூச்சுக்கு) போன பீஸ் மூன்றையும் என்ன செய்வது என்று கஸ்டமரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாகன உதிரிபாகம் செய்பவர்களுக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற வாகனத் துறைத் தர விதியே கெடு வைத்திருக்கிறது. மாற்றத் தகவல் வந்த 10 வேலை நாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும். ரிவிஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பர்ச்சேஸ்காரர்களிடம், 'மெயிலில் போடுங்க சார், அப்பத்தான் எடுத்துக்குவோம்' என்று ஒருமுறை கறாராகச் சொல்லிவிட்டால் பழகிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினின் புரோகிராமையும் டிராயிங் மாதிரியே ரிவிஷன் பார்த்து வைக்க வேண்டும் என்று ரொம்பப் பேர் நினைப்பதில்லை. ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோல் உள்ள மெஷினில் புரோகிராம் நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எது எழுதினாலும் மெஷின் கண்டுகொள்ளாது. அந்த இடத்தில் பார்ட் நம்பரையும் ரிவிஷனையும் எழுதுங்கள். ஸ்கிரீனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நைட் ஷிஃப்டில் புரோகிராமில் ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) குறைத்து ஓட்டியிருந்தால், நல்லதோ கெட்டதோ, காலையில் அந்தப் புரோகிராமை மெஷினிலிருந்து எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். எடிட்டைப் பூட்டும் சாவி பேனலிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஷாப்களில் அது சாவித் துவாரத்திலேயே தொங்குகிறது என்பது வேறு கதை.

செட்டரின் பாக்கெட் டைரி இருக்கிறதே, அதுதான் கம்பெனியின் நிஜமான சொத்து. எந்த இன்செர்ட் (வெட்டும் முனை), டூல் எவ்வளவு நீட்டம், மெல்லிய பார்ட்டுக்கு அதைப் பிடிக்கும் சக்கின் பிரஷர் எவ்வளவு குறைப்பது, எல்லாம் அதில்தான். ஃபார்மைக் கொடுத்து எழுதச் சொன்னால் எழுத மாட்டார். 'எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு' என்ற பயமும் நியாயமானதுதான். அதனால் அவர் செட்டப் போடும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஷீட்டில் அவர் பெயரைப் போடுங்கள். சம்பள உயர்வு பேசும்போது அந்த ஷீட்டுகளை முதலாளி பார்க்க வேண்டும், அதையும் சொல்லி வையுங்கள். ஒடிசா, பீகார் பையன்கள் இருக்கும் ஷாப்பில் போட்டோ இல்லாத செட்டப் ஷீட் வெறும் காகிதம்.

வெளி வெண்டருக்கு முழு டிராயிங்கையும் அனுப்பாதீர்கள். கஸ்டமர் டிராயிங் கஸ்டமருடைய சொத்து, ஐ.எஸ்.ஓ. 9001 தர விதி அப்படித்தான் பார்க்கிறது. பிளேட்டிங்காரருக்குக் கோட்டிங் கனம், மூட வேண்டிய இடம் இரண்டும் தெரிந்தால் போதும். தனி ஸ்கெட்ச் போட்டுக் கொடுங்கள். அந்த ஸ்கெட்ச்சுக்கும் ரிவிஷன் உண்டு, அதுவும் எக்செல் ஷீட்டில் ஏற வேண்டும். டெலிவரி சலானில் பார்ட் நம்பருக்குப் பக்கத்திலேயே ரிவிஷனையும் எழுதுங்கள். புது ரிவிஷன் லோடு போகிற அன்று பழைய ஸ்கெட்ச்சை வாங்கி வரும் வேலையை வண்டி டிரைவரிடம் கொடுங்கள். போனில் கேட்டால், 'கிழிச்சுட்டோம்ங்க' என்றுதான் பதில் வரும்.